ஏழு மணிப் பக்கத்துத் தையல்

பைத்தியம் பலவிதம். பல்செட்டுக்குப் பிடித்திருந்தது வட்டப் பைத்தியம்.

பல்செட் என்பது பட்டப்பெயர்தான். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து, டாக்டர் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, போட்டுக்கொள்கிறவர் சிரித்தால் சொந்தப் பல்லோ என்று எதிரே இருப்பவர் மயங்கும்படி செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. அதில் அவன் கெட்டிக்காரன். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் சாயங்காலம் வரைக்கும்தான். வேலை முடிந்துவிட்டால் காமிராவைத் தூக்கிக்கொண்டு வட்டம் தேடக் கிளம்பிவிடுவான். சலவை இயந்திரத்தின் கதவைப் படம் எடுப்பான். கண்ணாடி உருண்டைக்குள் தலைகீழாகத் தொங்கும் தெருவைப் படம் எடுப்பான். எங்கேயோ ஒரு கட்டிடத்தில் சுற்றுப் படிக்கட்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், காவலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைந்து, தரையில் மல்லாந்து படுத்து மேலே பார்த்து எடுப்பான். படியேறி வருகிறவர்கள் ஆள் மயங்கிக் கிடக்கிறான் என்று தண்ணீர் தெளித்ததும் உண்டு.

"மனுஷங்க மூஞ்சிகூட வட்டமாத்தான் இருக்கு. அத ஒரு நாளாவது எடுக்கிறீங்களா?" என்று அவன் மனைவி கேட்பாள். நியாயமான கேள்வி. அவன் லென்சைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

இவனைப் போலப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயர் உருட்டுச் சங்கம். வட்டமாக எது கிடைத்தாலும் படம் எடுத்து அதில் போட வேண்டும், எப்படி எடுத்தேன் என்ற தொழில் ரகசியத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைக் கொளுத்திச் சுழற்றி நெருப்பு வளையம் எடுக்கிறவர் ஒருவர். பாத்திர மூடியில் தெரியும் தன் சமையலறையை எடுக்கிற பேக்கரியம்மா ஒருவர். சாக்கடை மூடிகளைத் தவிர வேறெதையும் எடுப்பதில்லை என்று சபதம் எடுத்தவர்போல ஒரு கணக்கு வாத்தியார். ஆளுக்கொரு கிறுக்கு. ஆனால் எல்லோருக்கும் பொதுவான கிறுக்கு ஒன்று உண்டு. அது குட்டிப் பூமி.

குட்டிப் பூமி என்றால் இதுதான். ஒரே இடத்தில் நின்றுகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திரும்பி, நம்மைச் சுற்றி இருப்பதை எல்லாம் வரிசையாகப் படம் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அந்தப் படங்களை ஒட்டி நீளமான ஒரு பட்டையாக்கிக் கொடுக்கும். அந்தப் பட்டையை வளைத்து, இந்த முனையையும் அந்த முனையையும் சேர்த்துவிட்டால், தரை சுருண்டு நடுவில் உருண்டையாகிவிடும். வீடும் மரமும் மனிதர்களும் அந்த உருண்டையின் மேல் நாலா பக்கமும் முள்ளாக நிற்பார்கள். முனைகள் சேரும் இடத்துக்குச் சங்கத்தில் தையல் என்று பெயர். தையல் தெரியாமல் சேர்ப்பதுதான் வித்தை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் யாராவது ஒருவர் ஒரு குட்டிப் பூமியைப் போட்டு, "தையல் எங்கே?" என்று கேட்பார். மற்றவர்கள் கடிகாரக் கணக்கில் சொல்ல வேண்டும். உச்சியில் என்றால் பன்னிரண்டு மணி, அடியில் என்றால் ஆறு மணி. இந்த ஆட்டத்தில் பல்செட்டை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. ஒட்டுப்போட்ட இடம் எது என்பது அவனுக்குக் கண்ணை மூடினால்கூடத் தெரியும். இரவல் பல்லைச் சொந்தப் பல்லாக்குகிறவன் அல்லவா?

அந்த ஞாயிற்றுக்கிழமை லிப்ட்காரரின் முறை. லிப்ட்காரர் என்றால் லிப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். நல்ல மனிதர், ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் பூங்காவை எடுத்துப் போட்டிருந்தார். பல்செட் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கட்டிலில் காலை நீட்டி, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மணியாக இறங்கி வந்தான். ஒரு மணியில் தண்ணீர்த் தொட்டி. மூன்றில் சறுக்கு மரம். ஐந்தில் ஒரு மரம், அதன் கீழே ஒரு நாய். ஏழு மணியில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் இரண்டு பெண்கள், ஒருவர் பக்கம் ஒருவர் சாய்ந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு.

விரல்களால் படத்தைப் பெரிதாக்கினான். இடது பக்கம் இருந்தவள் பச்சைக் கோட்டு போட்டிருந்தாள். அவன் மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடையில் பச்சைக் கோட்டுதான். அந்தக் கோட்டுக்குள் இருந்தது அவன் மனைவியேதான். வலது பக்கம் இருந்தது அவன் அக்கா.

பல்செட் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

அவன் மனைவியும் அக்காவும் பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஓய்வுக்காகத் தம்பி வீட்டுக்கு வந்திருந்த அக்கா, சும்மா இருக்க மாட்டாமல், மெல்ல எழுந்து சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தாள். வேலை முடிந்து வந்த மனைவி ஒரு வார்த்தை பேசாமல் எல்லா டப்பாவையும் பழைய இடத்துக்கே மாற்றினாள். "உன் வீட்டுல ஒரு டப்பாவ நகத்தக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்று அக்கா கேட்டாள். "இல்ல," என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்தான். அக்கா அன்றைக்கே ஊன்றுகோலோடு கிளம்பிவிட்டாள்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். மனைவியின் மருந்துக்கடை ஆஸ்பத்திரிக்கு எதிர்வாடையில். ஒருத்தி இந்தப் பக்கம் நடந்தால் இன்னொருத்தி அந்தப் பக்கம் நடப்பாள். நடுவில் மாட்டிக்கொண்டவன் பல்செட். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. முதலில் கொஞ்ச நாள் இடி வாங்கிப் பார்த்தான். பிறகு, கைத்தொழில் கைவசம் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று வேலையை ஆரம்பித்தான்.

"உங்க அக்கா குரலக் கேட்டா ஓடுற லிப்ட்டே நடுவுல நின்னுடும்," என்று மனைவி சொன்னால், அக்காவிடம் போய், "உன் குரல் கணீர்னு இருக்குன்னு சொல்றாக்கா," என்பான். "அந்த மகாராணி இன்னும் டப்பா எண்ணிக்கிட்டுத்தான் இருக்காளா?" என்று அக்கா கேட்டால், மனைவியிடம் வந்து, "நீ வீட்ட எவ்ளோ ஒழுங்கா வச்சிருக்கன்னு அக்கா சொன்னா," என்பான். பேச்சோடு நிற்கவில்லை. ஒரு சால்வை வாங்கி, தம்பி பெண்டாட்டி கொடுத்தனுப்பினாள் என்று அக்காவிடம் கொடுத்தான். ஒரு பூப்போட்ட குடை வாங்கி, அக்கா கொடுத்தாள் என்று மனைவியிடம் கொடுத்தான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்றால், கட்டிய கல்யாணத்தைக் காப்பாற்ற நாலு பொய் சொல்லக்கூடாதா? இதுதான் அவன் கட்சி. இருவரும் நேரில் பேசாத வரைக்கும் இந்த வண்டி ஓடும். பேசிவிட்டால் அவன் பாடு அதோகதி. இரண்டு பேருமே அவன் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

இப்போது படத்தில் இருவரும் ஒரே பெஞ்சில்.

சட்டென்று அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட மடையா, தையல்! ஒரு முனையில் அக்கா, இன்னொரு முனையில் மனைவி, லிப்ட்காரர் வளைத்து ஒட்டியதும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். பெஞ்சுகூடக் கொஞ்சம் நீளமாகத்தான் தெரிகிறது. நிம்மதியாக மூச்சு விட்டு, குழுவில் "ஏழு மணி" என்று போட்டான்.

"தப்பு. ரெண்டு மணி," என்று பதில் போட்டார் லிப்ட்காரர்.

பல்செட் சங்கத்தில் தப்பு என்ற சொல்லைக் கேட்டதே இல்லை. கணக்கு வாத்தியார் ஒரு அழுகிற பொம்மையும் பேக்கரியம்மா ஒரு கைதட்டுகிற பொம்மையும் போட்டார்கள். இரண்டு மணிப் பக்கம் பெரிதாக்கிப் பார்த்தான். ஆமாம், வேலிக் கம்பி ஒன்று லேசாக முறிந்து தெரிந்தது. அதுதான் தையல். அப்படியானால் ஏழு மணி? ஏழு மணியில் இருப்பது என்ன?

அடுத்த அறையில் மனைவி துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். நேரே கேட்டுவிட முடியாது. ஒன்றுமில்லாமல் இருந்தால், நாமே அக்கா பேச்சை எடுத்து ஊதிவிட்டதாகும். மெதுவாகப் போய்க் கதவில் சாய்ந்து நின்றான்.

"மத்தியானம் எல்லாம் எங்க சாப்பிடுற?"

"வாயிலதான்."

"அதில்ல... வெளிய கிளிய, பார்க் பக்கம் போறதுண்டா?"

"பார்க்கா? எனக்கெங்க நேரம்? கடைக்குப் பின்னாடி ஸ்டூல்ல உக்காந்து ரெண்டு வாய் போட்டுட்டு எழுந்திருக்கவே நேரம் சரியா இருக்கு." இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக் காலரின் மேல் அழுத்தித் தேய்த்தாள். "எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா."

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். அக்காவின் குரல் வழக்கம்போல் காதைக் கிழித்தது.

"கால் எப்படிக்கா இருக்கு? கொஞ்சம் நடக்கணும்னு டாக்டர் சொன்னாரே. பின்னாடி பார்க்குல நடக்கலாமே?"

"பார்க்கா? அது இருக்கிற திசைகூட எனக்குத் தெரியாதுடா. லைன்ல ஆளு நிக்குது, வை."

பல்செட் போனை வைத்துவிட்டு, மெழுகு உருக்கும் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். குழப்பம் இப்போதுதான் முழுசாகக் கவிந்தது. படத்தில் இருப்பது அவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. சேர்ந்து உட்கார்ந்தார்களோ தனித்தனியாகவோ, பூங்காவுக்குப் போனது நிஜம். தனித்தனியாகப் போயிருந்தால் போனேன் என்று சொல்ல வேண்டியதுதானே? எதற்கு மறைக்க வேண்டும்? சேர்ந்துதான் போனார்கள் என்றால், பேசிக்கொள்ளாதவர்கள் ஏன் சேர்ந்து போக வேண்டும்? சமாதானம் ஆகிவிட்டார்கள் என்றால், போன வாரம்கூட "உங்க அக்கா பக்கத்துல நின்னா காது டாக்டருக்குத்தான் லாபம்" என்று இவள் ஏன் சொன்னாள்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. அன்றைக்கு ஒரு பெரியவருக்கான செட்டில் கடைவாய்ப் பல்லை முன்னாலும் முன்பல்லைப் பின்னாலும் நட்டுவிட்டான். டாக்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு, முதலைக்கா?" என்று கேட்டார்.

மதியம் லிப்ட்காரரைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஏதோ ஒரு அலுவலகக் கட்டிடத்தில், லிப்ட் குழிக்குள் இடுப்பளவு இறங்கி நின்று கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார் அவர்.

"அந்தப் படத்த எப்படி எடுத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"வெள்ளிக்கிழம மத்தியானம். வேலிப் பக்கம் ஆரம்பிச்சேன். பாதி சுத்து எடுத்திருப்பேன், போன் வந்திடுச்சு. ஆஸ்பத்திரி லிப்ட்டுல ஆளு மாட்டிக்கிச்சாம். ஸ்டாண்ட அப்படியே விட்டுட்டு ஓடினேன். ஆள இறக்கி விட்டுட்டு, டீ குடிச்சிட்டு, வந்து மீதிய எடுத்தேன்."

பல்செட்டின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "நடுவுல நேரம் போயிருக்கு?"

"அரை மணி இருக்கும்."

"எந்த இடத்துல விட்டீங்க? பெஞ்சு கிட்டயா?"

"யாருக்குங்க ஞாபகம்? பாதியிலன்னா... ஆமா, அந்தப் பக்கமாத்தான் இருக்கும்."

"ஒட்டாத தனிப்படம் எல்லாம் இருக்கா?"

"போன் நிறைஞ்சுபோச்சு, அழிச்சிட்டேன்," என்றார் லிப்ட்காரர், எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்தபடி.

அது போதும் பல்செட்டுக்கு. வேலியிலிருந்து பாதிச் சுற்று, இரண்டு மணியிலிருந்து எண்ணினால் எட்டு மணி. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் விட்டிருக்கிறார். முதலில் அக்கா உட்கார்ந்திருந்தாள், போனில் யாரோடோ சிரித்தாள், எழுந்து போனாள். அரை மணி கழித்து இவள் வந்து அதே பெஞ்சின் மறுபாதியில் உட்கார்ந்தாள், இவளும் எதற்கோ சிரித்தாள். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும் குடும்பச் சண்டை? இரண்டையும் ஒட்டிவிட்டது. அவர்கள் ஏன் மறைத்தார்கள் என்ற கேள்வி மட்டும் முள்ளாகக் குத்தியது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினான். நம்ப ஆசைப்படுகிறவனுக்கு ஆதாரத்துக்கா பஞ்சம்?

அதோடு சும்மா இருந்திருக்கலாம். சங்கத்தில் போன மானத்தை மீட்க வேண்டுமே! சாயங்காலம் அந்தப் படத்தின் ஏழு மணிப் பக்கத்தை வெட்டி, பெரிதாக்கி, இரண்டு பெண்களைச் சுற்றியும் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, குழுவுக்கு அனுப்பினான். கூடவே எழுதினான்: "இங்கே ஒரு கள்ளத் தையல் இருக்கிறது. இந்த இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பெஞ்சில் உட்காரவே மாட்டார்கள். அடித்துச் சொல்கிறேன்."

"எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?" என்று கேட்டார் கணக்கு வாத்தியார்.

பல்செட் பதில் யோசிப்பதற்குள் பேக்கரியம்மாவின் பதில் வந்து விழுந்தது. "ஐயோ, இவங்க ரெண்டு பேரும் தினம் நம்ம கடையில பன் வாங்கிட்டுத்தான் பார்க்குக்குப் போவாங்க. நல்ல ஜோடி. அக்கா தங்கச்சின்னு நினைக்கிறேன். எப்பவும் ஒரே சிரிப்பு."

தவளை தன் வாயால் கெட்டது. தினம்! பல்செட் போனைக் கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்த்திப் பார்த்தான். அதே எழுத்துதான் இருந்தது.

மறுநாள் மதியம் பூங்காவுக்குப் போனான். எதற்கும் ஒரு சாக்கு இருக்கட்டும் என்று காமிராவையும் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டான். மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றான். நாய் வந்து அவன் செருப்பை முகர்ந்துவிட்டு, இவன் ஒன்றும் தேற மாட்டான் என்பதுபோல் போய்ப் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். அக்கா மனைவியின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தாள். மனைவி கையில் பன் பொட்டலம். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே ஏதோ சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அவன் சந்தோஷப்பட வேண்டும். மூன்று வருஷமாக இதற்குத்தானே ஆசைப்பட்டான்? ஆனால் வந்தது சந்தோஷம் இல்லை. கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தப்பட்ட கூப்பிடாத விருந்தாளியைப்போல் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"டேய்!" அக்காவின் குரலில் பறவைகள் கலைந்தன. "மரத்துக்குப் பின்னாடி அஞ்சு காலோட நிக்கிறது யாரு?"

ஸ்டாண்டின் மூன்று காலையும் தன் இரண்டு காலையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தான் பல்செட்.

மனைவி எழுந்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு. அக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "உக்காரும்மா. நாமளா திருடினோம்?" பிறகு தம்பியைப் பார்த்து, "நீயும் உக்காரு," என்று நடுவில் இடம் விட்டாள். உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் இடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"எப்ப இருந்து?" என்று கேட்டான்.

"மழைக்காலத்துல இருந்து," என்றாள் மனைவி. "அண்ணி முழங்காலுக்குத் தைலம் வாங்க எங்க கடைக்கு வந்தாங்க. வேற ஆளு இல்ல, நான்தான் எடுத்துக் குடுக்கணும். வாங்கிட்டு, போற வாக்குல, 'சால்வை கதகதப்பா இருக்கு'ன்னாங்க. எந்தச் சால்வைன்னேன்."

"இவ கைல பூப்போட்ட குடை," என்றாள் அக்கா. "அழகா இருக்கே, எங்க வாங்கினன்னேன். நீங்க குடுத்ததுதானே அண்ணின்னா. கடைக்குள்ளயே ரெண்டு பேரும் முழிச்சோம் பாரு, திருடன் கைல சாவிக்கொத்தக் குடுத்தவங்க மாதிரி. அன்னைக்கு நீ எதிர்ல வந்திருந்தா உன் பல்ல உனக்கே செட்டு கட்டியிருப்பேன்."

"அப்புறம் இங்க வந்து உக்காந்தோம்," என்றாள் மனைவி. "நீங்க என்கிட்ட சொன்னத நான் சொன்னேன், அவங்ககிட்ட சொன்னத அவங்க சொன்னாங்க. கோவமா ஆரம்பிச்சோம். முடிக்கிறப்ப சிரிச்சிட்டிருந்தோம்."

"அப்ப, குரல் கேட்டா லிப்ட் நின்னுடும்னு போன மாசம் சொன்னியே?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது அண்ணி சொல்லிக் குடுத்தது," என்றாள் மனைவி. "இத அவன் எப்படி மாத்துறான் பார்க்கலாம்னு. மறுநாள் 'கணீர்னு இருக்குன்னு சொன்னா'ன்னு நீங்க சொன்னீங்களாம். சிரிச்சுச் சிரிச்சு அண்ணிக்குப் புரையேறிடுச்சு."

பல்செட்டுக்குக் காது சூடானது. தினமும் இரவு படுக்கையில் புரண்டு, எந்தச் சொல்லை எப்படி மழித்து எடுத்துப் போவது என்று அவன் யோசித்தது இவர்களுக்கு மதியச் சிரிப்பு. கோபமாக எதையோ சொல்ல வாயெடுத்தான். எந்த உரிமையில் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஏமாற்றினது யார், ஏமாந்தது யார் என்ற கணக்கே குழம்பிப் போயிருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்று மட்டும் சொன்னான்.

"சொன்னா நிறுத்திடுவீங்க," என்றாள் மனைவி. அவள் குரல் இறங்கிவிட்டது. "நீங்க கொண்டு வர்ற பேச்சு நல்லா இருந்துச்சு. அண்ணி நிஜமாவே அப்படிச் சொல்லியிருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுத்தான் நான் முதல் நாள் இங்க வந்தேன்."

அக்கா பன்னைப் பிய்த்துப் பாதியைத் தம்பி கையில் வைத்தாள். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது.

"நீ இன்னைக்கு வரலன்னாலும் நானே உன்கிட்ட ஒண்ணு கேட்டிருப்பேன்டா," என்றாள். "குடை விஷயம் வெளிய வந்ததுல இருந்து மனசுல அதே ஓடிட்டிருக்கு. அப்பா போறப்ப நீ ஒருத்தன்தான் பக்கத்துல இருந்த. நான் தூரத்துல வேலையில இருந்தேன், வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. வாசல்லயே என் கையப் பிடிச்சுக்கிட்டு நீ என்ன சொன்ன?"

"'என் செல்ல மக எங்க, அவளப் பார்க்கணும்'னு அப்பா கேட்டாருன்னேன்."

"இத்தனை வருஷமா அதத்தான் கட்டிப் பிடிச்சிட்டிருக்கேன். எத்தனை பேருகிட்ட சொல்லியிருப்பேன்!" அக்காவின் குரல் இவ்வளவு சின்னதாக இருக்க முடியும் என்று அவனுக்குத் தெரியாது. "ஆனா அப்பா ஒரு நாளும் என்னைச் செல்ல மகன்னு கூப்பிட்டதில்லடா. துக்கத்துல அது உறைக்கல. இப்ப உறைக்குது. அதுவும் உன் சால்வை மாதிரிதானா? நிஜத்தச் சொல்லு. அவரு என்னைக் கேக்கவே இல்லையா?"

மனைவியும் அவனைத்தான் பார்த்தாள். பல்செட் கையை இறுக்கினான். பன் பிசுபிசுத்தது. பொய் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டாள். நிஜத்தைச் சொன்னால், அது சொல்லக்கூடிய நிஜமா? அதை மாற்றிச் சொன்னதே அவள் மனம் நோகக்கூடாது என்றுதானே?

"கேட்டாருக்கா. கேட்டது சத்தியம்."

"எப்படிக் கேட்டாரு? பாலிஷ் போடாம சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "'அந்தக் கழுதை எங்கடா? வழியெல்லாம் பட்டினியாத்தான் வந்து நிக்கும். வந்ததும் மொதல்ல சோத்தப் போடு, அப்புறமா அழட்டும்'னாரு. அவ்ளோதான்க்கா. அதுக்கப்புறம் பேசல."

கழுதை என்ற சொல்லை இறந்தவர் வாயில் வைத்துவிட்டோமே என்று பல்செட் கூசிப்போனான். மன்னிப்புக் கேட்கலாம் என்று நிமிர்ந்தால், அக்காவின் முகம் முழுக்கக் கண்ணீர். ஆனால் வாய் சிரித்தது. ஊரே கேட்கும் அவள் குரலில் ஒரு சத்தமும் வரவில்லை. மனைவி அவன் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இதப் போய் ஏங்க மறைச்சீங்க?" என்றாள் மனைவி. அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

"திட்டா இருந்துச்சே," என்றான் பல்செட்.

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. செல்ல மக என்றபோது வாசலில் கல்லாக நின்றவள், கழுதை என்றதற்கு இப்படி உருகுகிறாளே? எதைச் சொல்லியிருக்க வேண்டும், எதை மறைத்திருக்க வேண்டும், மூன்று வருஷமாக மழித்து எறிந்த சொற்களில் எதெல்லாம் இப்படிப்பட்டவை? ஒரு கணக்கும் பிடிபடவில்லை.

அக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவ சொல்லுடா," என்றாள்.

சொன்னான்.

"அப்படியில்ல. அவரு இழுத்துச் சொல்வாரே, அப்படிச் சொல்லு."

பல்செட் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கு வந்த வரைக்கும் அப்பாவைப்போலவே இழுத்து, "அந்தக் கழுதை எங்கடா?" என்றான்.

"இங்கதான்ப்பா இருக்கேன்," என்றாள் அக்கா.